18 மாடு, 5.5 லட்சம் கொட்டேஷன்: சாணத்தில் கரண்ட் எடுத்தால் கட்டுபடியாகுமா?

கட்டுத்தரை எழுதியது:

வணக்கம். பரமத்தி வேலூர் பக்கம் எங்கள் பண்ணை. பெரிய மாடு 18, எச்.எஃப். கலப்பினமும் ஜெர்சியும் கலந்து. அது போகக் கிடேரி, கன்று ஒரு ஏழு. மேய்ச்சலுக்கு விடுவதில்லை, எல்லாம் கட்டுத்தரையிலேயே நிற்கும். நிலம் நாலு ஏக்கர், இரண்டில் கம்பு நேப்பியர் புல், மீதியில் மக்காச்சோளம். பால் சொசைட்டிக்குப் போகிறது. சாணத்தை எருக்குழியில் கொட்டி எங்கள் காட்டுக்குப் போட்டது போக, மிச்சத்தை டிராக்டர் லோடு கணக்கில் விற்கிறோம்.

தீவனம் ஏறுகிற வேகத்துக்குப் பால் விலை ஏறுவதில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் பண்ணைக்குள்ளேயே இன்னொரு வழியில் காசு பார்க்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கம்பெனி ஆள் வந்து சாண எரிவாயு பிளான்ட், அந்தக் கேஸில் ஓடுகிற ஜென்செட் (ஜெனரேட்டர்) இரண்டும் சேர்த்து 5.5 லட்சம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த கணக்கு இது: தினம் 15 கன மீட்டர் கேஸ், அதில் 30 யூனிட் கரண்ட், யூனிட் 8 ரூபாய் வைத்தால் மாதம் 7,200. கேஸ் போக வெளியே வருகிற சாணக் கரைசல், அதாவது ஸ்லரி, தினம் 500 லிட்டர், லிட்டர் ஒரு ரூபாய் என்றால் மாதம் 15,000. ஆக 22,200 ரூபாய். இரண்டு வருடத்தில் போட்ட முதல் வந்துவிடும், அப்புறம் எல்லாம் லாபம் என்கிறார்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கொட்டகைக்குத் தனி சர்வீஸ், கறவை மெஷின், தட்டு வெட்டும் மெஷின், லைட், ஃபேன் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 4,000 பக்கம் பில் வருகிறது. கிணற்று மோட்டாருக்கு விவசாயக் கனெக்‌ஷன், காசு கிடையாது. வீட்டுக்குச் சிலிண்டர் மாதம் ஒன்று.

நிஜமாகவே போட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கடன் வாங்கித்தான் போட வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

டைஜஸ்டர்_சேலம் எழுதியது:

இந்தப் பிளான்ட்களை நிறுவி, பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன், விற்கிற தொழில் இல்லை. உங்கள் காகிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கேஸ். 25 கிலோ பச்சைச் சாணத்துக்கு ஒரு கன மீட்டர் கேஸ் என்பது காலங்காலமாக எல்லோரும் வைக்கிற கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அது சரியாகவே வரும். 15 கன மீட்டர் வேண்டுமென்றால் தினம் 375 கிலோ சாணம் வேண்டும். கட்டிப்போட்ட பெரிய மாட்டில் 12 முதல் 15 கிலோ வரை அள்ள முடியும், மூத்திரத்தோடு வாய்க்காலில் போவது, மிதிபட்டு வீணாவது எல்லாம் கழித்து உங்களிடம் கன்றையும் சேர்த்து 250 கிலோ வந்தால் நல்லது. அதாவது 10 கன மீட்டர். கொட்டேஷனில் பாதிக்குப் பாதி ஏற்றிப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கரண்ட். கன மீட்டருக்கு 2 யூனிட் என்பது பெரிய, நல்ல இன்ஜினுக்கு உண்டான கணக்கு. சாண வாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. சின்ன ஜென்செட்டில் அந்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு கரண்டாக மாறினாலே பெரிய விஷயம், ஆகையால் 1.2, 1.3 யூனிட் என்று வையுங்கள். தினம் 13 யூனிட். அதையும் எங்கே செலவழிப்பீர்கள்? உங்கள் பில்லே மாதம் 2,000 ரூபாய்தான், அதற்கு மேல் ஒரு பைசாகூட மிச்சமாக வழியில்லை. கறவை மெஷின் காலை, மாலை ஓடுகிற நேரத்தில் மட்டும் லோடு ஏறும், மற்ற நேரம் ஃபேன்தான். அதிகம் கரண்ட் இழுக்கிற கிணற்று மோட்டாருக்குத்தான் காசே கிடையாதே. இவ்வளவு சின்ன அளவில் கிரிட்டுக்கு விற்பது நடக்கிற காரியமும் இல்லை.

அந்த 2,000-ல் ஆயில், பிளக், ஃபில்டர் செலவு போகும். சாண வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், அதுதான் அழுகிய முட்டை நாற்றம். அதைச் சுத்தமாக எடுக்காமல் இன்ஜினுக்குள் விட்டால் ஆயில் அமிலமாகிவிடும், பேரிங்கும் வால்வும் அரித்துப் போகும். நான் பழுது பார்க்கப் போகிற இடங்களில் டைஜஸ்டர், அதாவது சாணம் செரிக்கிற தொட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஜென்செட் மட்டும் ஒரு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும்.

மூன்றாவது ஸ்லரி, எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். 22,200-ல் 15,000 ஸ்லரியில் வருகிறது, அதாவது இது கரண்ட் திட்டமே இல்லை, உர விற்பனைத் திட்டம். அந்தச் சாணத்தை நீங்கள் இப்போதே எருவாக்கி விற்கிறீர்கள். பிளான்ட் வந்தபின் எருக்குழி வருமானம் நின்றுவிடும், அதைக் கழித்தார்களா? சாணத்தில் இருக்கிற தழை, மணி, சாம்பல் சத்து டைஜஸ்டருக்குள் போய் அதிகமாகிவிடாது. கேஸாகப் போவது கரிமச் சத்துதான், மற்றது இருந்தபடியே வெளியே வரும். தழைச்சத்து பயிர் சீக்கிரம் எடுத்துக்கொள்கிற வடிவத்துக்கு மாறுகிறது, களை விதை பெருமளவு செத்துவிடுகிறது. இதெல்லாம் நல்லதுதான், ஆனால் லிட்டர் ஒரு ரூபாய்க்குத் தினம் 500 லிட்டர், அதுவும் பெரும்பாலும் தண்ணீர், யார் வந்து தினமும் எடுத்துப் போவார்கள்? வாங்குகிறவர் பெயரைக் கேளுங்கள். அந்தக் கம்பெனியே எழுத்தில் வாங்கிக்கொள்கிறதா என்று கேளுங்கள்.

ஒரே கேள்வி: கேஸாகவே எரிக்க உங்களிடம் இடம் இருக்கிறதா? பால்கோவா போடுவது, பலகாரம், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேக வைப்பது, எதுவானாலும். ஒரு கன மீட்டர் கேஸ் 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். 10 கன மீட்டர் என்றால் தினம் 4.5 கிலோ. மாதத்துக்கு 135 கிலோ. வீட்டுக்கு நீங்கள் வாங்குவது 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, பத்தில் ஒரு பங்குதான். மீதி ஒன்பது பங்கை எங்கே எரிப்பது என்பதில்தான் உங்கள் லாபமும் நட்டமும் இருக்கிறது.

கோபி_அக்கா எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து கோபர் கேஸ்தான். அஞ்சு மாடு, 2 கன மீட்டர் பிளான்ட். அந்தக் காலத்தில் போட்டது கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் இரும்பு டிரம் மாடல், அந்த டிரம் துருப்பிடித்துத்தான் ஊரில் பாதிப் பிளான்ட் நின்று போனது. வெல்டிங் வைக்கவும் பெயின்ட் அடிக்கவும் ஆகிற செலவுக்கு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள், கேஸ் வராமல் இல்லை. எங்களுடையதை அப்புறம் தீனபந்து மாடலில் பூமிக்கடியில் செங்கல் டோமாகக் கட்டிக்கொண்டோம், துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. கொத்தனாருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டோமில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கேஸ் நிற்காது.

மேலே சொன்ன கணக்கு சரிதான், அஞ்சு மாட்டுக்கே மாதம் கிட்டத்தட்ட இரண்டு சிலிண்டர் அளவு கேஸ் வருகிறது. எங்கள் வீட்டில் ஆள் அதிகம், சமையல், வெந்நீர், தவிட்டுக் கஞ்சி எல்லாம் அதில்தான், அதனால் வீணாகாமல் ஓடுகிறது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இதையே போட்டால் பாதி கேஸ் காற்றில்தான் போகும், மீத்தேனைக் காற்றில் விடுவது எருக்குழியைவிட மோசம்.

நான் சொல்ல வருவது வேலையைப் பற்றி. கம்பெனி ஆள் அதை எழுதவே மாட்டார். தினம் சாணம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் ஊற்றி, கட்டியில்லாமல் கரைத்து, வைக்கோலும் தட்டும் மண்ணும் பொறுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். உங்களுக்கு 250 கிலோ சாணம், 250 லிட்டர் தண்ணீர். கொட்டகை கழுவுகிற தண்ணீரைக் கலந்துகொள்ளலாம், ஆனால் ஹோஸ் பிடித்து அடிக்கிற தண்ணீர் முழுவதையும் உள்ளே விட்டால் ரசம் மாதிரி நீர்த்துப் போய்க் கேஸ் குறையும், முழுதாகச் செரிக்கும் முன்னாலேயே வெளியே தள்ளிவிடும். பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு போகக் கூடாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தை அந்த நாட்களில் தனியாகக் கொட்டுங்கள், உள்ளே இருக்கிற நுண்ணுயிர் செத்தால் மறுபடி பிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

ஸ்லரியை அள்ளுவதாக மட்டும் திட்டம் போடாதீர்கள். 500 லிட்டரைத் தினம் வாளியில் அள்ள ஆள் போட்டால் உங்கள் லாபம் அந்தக் கூலிக்கே சரியாகப் போகும். உங்களிடம் நேப்பியர் இருக்கிறதே, அதுதான் இதற்கு வரப்பிரசாதம். பிளான்ட்டைப் புல்லுக் காட்டுக்கு மேட்டில் வைத்து, ஸ்லரி தானாக வாய்க்காலில் இறங்கிப் பாசனத் தண்ணீரோடு போகும்படி செய்துவிடுங்கள். வெட்டி வெட்டி எடுக்கிற புல் தழைச்சத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், எங்களுக்கு யூரியா வாங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. காய வைத்து விற்கலாம் என்று பரப்பி வைத்தால் வெயிலில் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மிஞ்சுவது சக்கைதான்.

கட்டுத்தரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க அக்கா, சேலம் அண்ணா. எருக்குழி வருமானத்தைக் கழிக்க வேண்டும் என்பதை அந்தக் கம்பெனி ஆள் பேச்சிலேயே எடுக்கவில்லை.

கேஸ் எரிக்க இடம் கேட்டீர்கள். ரோட்டோரம் மச்சான் டீக்கடையும் பலகாரக் கடையும் சேர்த்து வைத்திருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தால் ராத்திரி ஒன்பது வரை ஓடும். கமர்ஷியல் சிலிண்டர், 19 கிலோ, இங்கே 1,900 பக்கம் ஆகிறது, மாதம் ஏழு வாங்குகிறார். கொட்டகையிலிருந்து கடைக்கு 150 மீட்டர் இருக்கும், நடுவில் எங்கள் நிலம்தான். அங்கே பைப்பில் கொண்டுபோக முடியுமா?

கோழிப்பண்ணை_நாமக்கல் எழுதியது:

பக்கத்து ஊர்க்காரர் என்பதால் கோழி எச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்தபடியாக யாராவது உங்களிடம் கோழி எச்சத்தையும் கலந்தால் கேஸ் கூடும் என்று சொல்வார்கள். கூடும், அது உண்மை. கிலோவுக்குக் கிலோ மாட்டுச் சாணத்தைவிடக் கோழி எச்சத்தில் கேஸ் அதிகம், மாடு தன் வயிற்றிலேயே பாதியைச் செரித்துவிடுகிறது, கோழி அப்படி இல்லை. ஒரு முட்டைக்கோழி தினம் 100 கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும், 50,000 கோழி இருந்தால் தினம் 5 டன். கேட்டால் பெரிய தங்கச் சுரங்கம் மாதிரித்தான் தெரியும்.

சிக்கல் இரண்டு இடத்தில். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம், அது உள்ளே அம்மோனியாவாகி மீத்தேன் உண்டாக்குகிற நுண்ணுயிரையே முடக்கிவிடும். அதைத் தவிர்க்க நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அல்லது மாட்டுச் சாணம், சர்க்கரை ஆலைக் கழிவு போல எதையாவது கலக்க வேண்டும். நாமக்கல்லில் கோடை காலத்தில் கோழிக்குக் குடிக்கவே தண்ணீர் லாரியில் வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டாவது, தீவனத்தில் போடுகிற கிளிஞ்சல், சுண்ணாம்புக் கல் எல்லாம் எச்சத்தில் வந்து டைஜஸ்டர் அடியில் மண்ணாகப் படியும். பெரிய ஆலைகள் அதை எடுக்கத் தனி ஏற்பாடு வைத்திருப்பார்கள், சின்ன டோமில் அப்படியே ஏறிக்கொண்டே போய் இடத்தை அடைத்துவிடும். போதாக்குறைக்கு, கூண்டுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து காய்ந்த எச்சத்தில் கேஸுக்கு உரிய சத்து ஏற்கெனவே போயிருக்கும். புது எச்சம்தான் வேண்டும், அதைத் தினம் அள்ள எங்கள் ஷெட்கள் அதற்கேற்ற மாதிரி கட்டப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம், இதைக் கழிவு கழிவு என்று பேசுகிறார்களே, எங்களுக்கு அது கழிவே இல்லை. கோழி எருவுக்கு மஞ்சள், மரவள்ளி போடுகிறவர்களிடம் எப்போதும் கிராக்கி உண்டு. அதனால் மூலப்பொருள் சும்மா கிடைக்கும் என்று திட்ட அறிக்கையில் எழுதிவிட்டு வருகிற எந்த ஆலையும் முதல் வருடத்திலேயே விலை கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். நான் ஆலைகளுக்கு எதிரி இல்லை. ஈத்தொல்லையாலும் நாற்றத்தாலும் சுற்றுவட்டார ஊர்களோடு எங்களுக்கு நடக்கிற தகராறு கொஞ்சமா. எச்சத்தை உடனுக்குடன் எடுத்துப் போக ஓர் ஆலை பக்கத்தில் ஓடினால் அந்த நிம்மதிக்கு நான் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கூடத் தருவேன். ஆனால் அந்த நிம்மதிக்கு எந்த வங்கியும் கடன் தராது, திட்ட அறிக்கையில் காட்ட முடியாத லாபம் அது.

ஆனந்த்_போய்வந்தவன் எழுதியது:

கூட்டாகச் செய்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லையே. குஜராத்தில் பனஸ்கந்தா மாவட்டத்தில் பனாஸ் டெய்ரி, டீசா பக்கம் தாமா என்கிற ஊரில் தினம் 40 டன் சாணம் எடுக்கிற ஆலை நடத்துகிறது. சுற்றியுள்ள பால் உற்பத்தியாளர்களிடம் கிலோ ஒரு ரூபாய்க்குச் சாணம் வாங்கி, கேஸைச் சுத்தப்படுத்தி அழுத்தி வண்டிகளுக்கான சி.என்.ஜி.யாகப் பங்க்கில் விற்கிறார்கள், மிச்சத்தை உரமாக்குகிறார்கள். விவசாயிக்குச் சாணத்துக்குப் பால் மாதிரியே பில் போட்டுக் காசு.

இதன் பொருளாதாரத்தை நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 40 டன் சாணத்துக்கு 40,000 ரூபாய். மேலே சொன்ன 25 கிலோ கணக்கில் 1,600 கன மீட்டர் கேஸ், சுத்தப்படுத்தினால் ஏறக்குறைய 650 கிலோ சி.என்.ஜி. கிலோ 70 ரூபாய்க்கு விற்றாலும் 45,500. இன்னும் நல்ல விளைச்சல் கண்டு 800 கிலோ எடுத்தாலும் 56,000. சாணத்துக்குக் கொடுத்த காசு போக மிஞ்சுவதில் வண்டி, ஆள், கம்ப்ரஸர் ஓடுகிற கரண்ட், வட்டி எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும், நடக்குமா? உரத்தை நல்ல விலைக்கு விற்றால்தான் நடக்கும். அவர்களிடம் அதற்கு வழி இருக்கிறது: லட்சக்கணக்கான உறுப்பினர்கள், ஊருக்கு ஊர் சங்கம், வாங்குகிறவனும் அதே உறுப்பினன்தான். அதே குஜராத்தில் ஆனந்த் பக்கம் சக்காரியாபுரா என்கிற ஊரில் தேசிய பால்வள வாரியம் இன்னொரு வழி செய்தது. வீட்டுக்கு வீடு சின்னப் பிளான்ட், கேஸ் அந்த வீட்டு அடுப்புக்கு, மிஞ்சுகிற ஸ்லரியைப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் வாங்கி உரமாக்கி விற்கிறது. சாணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டியதில்லை.

அந்தத் தூக்குகிற செலவுதான் பெரிய ஆலைகளைக் கொல்கிறது. பச்சைச் சாணத்தில் 80 சதவீதம் தண்ணீர், டீசல் போட்டுத் தண்ணீரைத்தான் கொண்டுபோகிறோம். லூதியானாவில் ஹைபோவால் டெய்ரி வளாகத்தில் தினம் 235 டன் சாணத்தில் 1 மெகாவாட் என்று ஓர் ஆலை போட்டார்கள் என்றால், அங்கே நகரத்துக்குள்ளேயே எக்கச்சக்கமான எருமையும் மாடும் ஒரே இடத்தில் நின்றன, சாணம் புத்தா நாலா என்கிற கால்வாயில் போய் ஊரே நாறியது. அந்த மாதிரிக் குவிந்த இடத்தில் அர்த்தம் உண்டு. நம் ஊரில் வீட்டுக்கு மூன்று மாடு, ஆறு மாடு என்று பரவிக் கிடக்கிறது.

2018 அக்டோபரில் மத்திய அரசு கழிவிலிருந்து வாகன கேஸ் எடுக்கிற சதாத் என்ற திட்டத்தை அறிவித்தபோது 2023-க்குள் 5,000 ஆலை என்றார்கள். கிலோவுக்கு 46 ரூபாய் விலை வைத்து எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்றார்கள், 2022-ல் அது 54 ஆனது. அந்த 2023 முடிந்தபோது நூறு ஆலைகூட ஓடவில்லை. கேஸ் எடுக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் இல்லாமல் இல்லை. உரம் விற்கவில்லை, அதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 பைசாவுக்குக் கிடைக்கிற நாட்டில் ஸ்லரி உரம் எப்படிப் போட்டி போடும்? 2023-ல்தான் இந்த வகை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று அறிவித்தார்கள். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஸ்டுட்கார்ட்_தமிழன் எழுதியது:

ஜெர்மனியில் பண்ணைக்குப் பண்ணை பயோகேஸ் கரண்ட் எடுக்கிறார்களே என்று யாராவது உதாரணம் காட்டினால் ஒரு தகவல். 2012-ல் இங்கே சின்ன எரு பிளான்ட்களுக்கு, 75 கிலோவாட் வரை, குறைந்தது 80 சதவீதம் எருவாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு யூனிட்டுக்கு 25 சென்ட் விலையை 20 வருடத்துக்குச் சட்டத்திலேயே உறுதி செய்தார்கள். அன்றைய மதிப்பில் 17 ரூபாய். இன்ஜின் சூட்டையும் வீணாக்காமல் குளிர்காலத்தில் வீடு சூடேற்றப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அந்த 17 ரூபாயும் அந்தக் குளிரும் இல்லாத பரமத்தி வேலூரில் அதே இயந்திரத்தை விற்க வருகிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

டைஜஸ்டர்_சேலம் எழுதியது:

டீக்கடை விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கத் தேவையில்லை! உங்கள் கணக்கு முழுசாக மாறுகிறது.

10 கன மீட்டரில் வீட்டு அடுப்புக்கு ஒன்றரை வையுங்கள். மீதி எட்டரை, எல்.பி.ஜி. கணக்கில் தினம் 3.8 கிலோ, மாதம் 115 கிலோ, அதாவது ஆறு கமர்ஷியல் சிலிண்டர். மழை நாளில் குறைவது, மாடு சினையில் வற்றி நிற்கும்போது தீவனம் குறைந்து சாணமும் குறைவது, மார்கழிக் குளிர், கடை லீவு நாள் எல்லாம் கழித்து நாலு சிலிண்டர்தான் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும் 7,600 ரூபாய். வீட்டுச் சிலிண்டர் ஒன்று, 900 பக்கம். ஆக 8,500. மச்சானுக்கும் ஒரு பங்கு விட்டுக்கொடுக்க வேண்டுமே, அது உங்கள் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

செலவுப் பக்கம்: ஜென்செட் வேண்டாம், 10 கன மீட்டர் செங்கல் டோம் கொத்தனார், சிமென்ட், குழி வெட்டுவது எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம், பைப், அடுப்பு, ஃபில்டர் வகையில் ஒரு 30,000. 2022-ல் அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டப் பட்டியலில் 8 முதல் 10 கன மீட்டருக்கு 23,000 ரூபாய் மானியம் இருந்தது, இப்போது உங்கள் மாவட்டத்தில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று கட்டுவதற்கு முன்னாலேயே விண்ணப்பித்துக் கேளுங்கள், கட்டியபின் கேட்டால் கிடைக்காது. மானியம் வராவிட்டாலும் இரண்டரை வருடம், மிஞ்சினால் மூன்று வருடத்தில் போட்டது வந்துவிடும். அதே மாடு, அதே சாணம், ஆனால் 5.5 லட்சம் போட்டு மாதம் 2,000 பில்லைக் குறைக்கிற திட்டத்தில் இருபது வருடம் ஆனாலும் வராது. ஸ்லரிக்கு நான் ஒரு ரூபாயும் போடவில்லை, எருக்குழிக்குப் பதில் அது உங்கள் புல்லுக்கும் சோளத்துக்கும் போகிறது, அவ்வளவே.

பைப் போகும். டோமில் வருகிற அழுத்தம் மிகக் குறைவு, ஆகையால் அரை இன்ச் பைப் போட்டு ஏமாறாதீர்கள், இரண்டு இன்ச் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப்பை மண்ணில் புதைத்து, டிராக்டர் ஏறுகிற இடத்தில் மட்டும் இரும்புக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். கேஸில் இருக்கிற ஈரம் பைப்பில் தண்ணீராக நிற்கும், பள்ளமான இடத்தில் எல்லாம் தண்ணீர் வடிகிற பொறி வைக்காவிட்டால் ஒரு நாள் காலை அடுப்பு துப்பித் துப்பி அணைந்துவிடும். கடைப்பக்கம் அழுத்தம் போதாவிட்டால் கேஸுக்கென்றே செய்த, தீப்பொறி வராத சின்ன புளோவர் ஒன்று, சாதாரண ஃபேன் மோட்டார் எக்காரணம் கொண்டும் வேண்டாம். எல்.பி.ஜி. அடுப்பு அப்படியே எரியாது, துளை பெரிதாக உள்ள பயோகேஸ் பர்னர் வேண்டும். நாற்றத்துக்கு லேத் பட்டறையில் கிடைக்கிற இரும்புச் சுருளை ஈரத்தில் துருப்பிடிக்க வைத்து ஒரு டிரம்மில் அடைத்து அதன் வழியாகக் கேஸை விட்டால் போதும், அவ்வப்போது மாற்ற வேண்டும். கடையில் ஆள் புழங்குகிற இடம், அதனால் வாசல் பக்கம் வெளியிலேயே ஒரு வால்வு வையுங்கள், மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டோமுக்குள்ளேயோ ஸ்லரித் தொட்டிக்குள்ளேயோ அடைப்பு எடுக்க யாரையும் இறக்காதீர்கள், ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, காலியாகக் கிடந்தாலும் சரி. முதல் ஆள் மயங்கி விழுவார், தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். நம் தொழிலில் வருடாவருடம் எங்காவது ஓரிடத்தில் இப்படிச் சாகிறார்கள்.

கட்டுத்தரை எழுதியது:

மச்சானிடம் நேற்றே பேசிவிட்டேன், சிலிண்டர் விலையில் பாதி கொடுக்கிறேன் என்கிறார், பைப் செலவையும் பாதி ஏற்றுக்கொள்கிறார். பாதி விலை என்றால் எனக்கு மாதம் 4,700 கையில் நிற்கும், மூன்று வருடம் என்பது நாலரை வருடம் ஆகும், ஆனாலும் அவருக்கும் எனக்கும் கட்டுபடியாகிறது. கம்பெனி ஆளிடம் ஜென்செட் இல்லாமல் கொட்டேஷன் கேட்டேன், அவருக்கு ஆர்வமே இல்லை.

கோபி அக்கா, தீனபந்து கட்டத் தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். இங்கே விசாரித்த வரை எல்லோரும் டோமுக்குப் பதில் பலூன் மாதிரிப் பை போடச் சொல்கிறார்கள், விலை குறைவுதான், ஆனால் எலியும் வெயிலும் என்ன செய்யும் என்று பயமாக இருக்கிறது.

கோபி_அக்கா எழுதியது:

அனுப்புகிறேன் தம்பி, சத்தியமங்கலம் பக்கம் ஒருவர் இருக்கிறார், வயசானவர், மகனும் கற்றுக்கொண்டிருக்கிறார். வருவதற்கு முன் ஒரு வாரம் தினமும் சாணத்தை எடை போட்டு எழுதி வையுங்கள். 250 கிலோ வரவில்லை, 180தான் வருகிறது என்றால் 10 கன மீட்டர் கட்ட வேண்டாம், 8 போதும். பெரிதாகக் கட்டிவிட்டுப் பாதி வயிற்றோடு ஓட்டுகிற பிளான்ட்தான் எங்கள் ஊரில் அதிகம். குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டாதீர்கள், குறைந்தது ஐம்பது அடி தள்ளி இருக்கட்டும், புல்லுக் காட்டுக்கு மேட்டுப் பக்கமாக.